மீதிப் பேச்சை யாராவது சொல்லட்டும்

வருண லிங்கத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மலை என் இடது கைப் பக்கம் இருந்தது. கிரிவலம் போகிறவர்களுக்கு அது வலது கைப் பக்கம்தான் இருக்கும். எதிரே வந்த ஒரு அம்மா என்னை வெளியூர்க்காரன் என்று நினைத்துவிட்டார். "சாமி, இப்டிச் சுத்தக்கூடாது. திரும்பி நடங்க" என்றார். நான் சுற்றவில்லை, ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாய் நிறைய ரத்தம் இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன்.

பங்குனி மாதத்து மத்தியானம். தார் சுட்டது. துரத்தியவர்கள் செருப்பை எடுக்க விடவில்லை. தோளில் ஒரு துணிப் பை, அதில் ஒரு வேட்டி, ஒரு தட்டு, திருநீற்றுப் பை. இடது காதுக்குள் குக்கர் விசில் போல ஒரு சத்தம் விடாமல் கேட்டது. செங்கம் ரோடு போய்ச் சேர்ந்து, வருகிற பஸ்ஸில் ஏறி, அது எங்கே போகிறதோ அங்கே போய்விடலாம் என்பதுதான் திட்டம். எனக்கு அது பழக்கமான திட்டம்தான்.

அடியார்களே, அன்றைக்கு இறைவன் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு நான் யார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

என் பெயர் ஏழுமலை. போளூர்ப் பக்கம் ஒரு கிராமம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு நான் ஓர் இடத்தில் நிலைத்ததில்லை. புனேயில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். காசியில் ஒரு மடத்துச் சமையல்கட்டில் விறகு பிளந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மடத்தில் கூடம் பெருக்கினேன். அங்கே சாயங்காலத்தில் சித்தாந்த வகுப்பு நடக்கும். தூணோரம் துடைப்பத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். கேட்டது மனதில் நிற்கும். எழுத்துத்தான் எனக்கு மெதுவாக வரும்.

அந்த வகுப்பில் ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. பரபக்கம். நமக்கு எதிரான கட்சியை முதலில் எடுத்து வைப்பதற்கு அந்தப் பெயர். நம் கட்சி சுபக்கம். வாதம் செய்கிறவன் எடுத்த எடுப்பில் தன் பக்கத்தைப் பேசக் கூடாது. எதிராளி சொல்வதை, அவன் சொல்வதைவிடத் திருத்தமாக, தானே அவனாக நின்று, "நான் சொல்கிறேன்" என்று சொல்ல வேண்டும். எதிராளி "ஆமாம், இதுதான் என் கட்சி" என்று தலையாட்டின பிறகுதான் பதில். தலையாட்டாவிட்டால் பதில் சொல்ல உனக்கு உரிமை இல்லை. அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தது இப்படித்தான். கடைசியில் அடி வாங்கிக் கொடுத்ததும் இதுதான்.

சுற்றிச் சுற்றி அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தேன். கிரிவலப் பாதையில் ஓர் அன்னதானக் கூடத்தில் சோறு வடிக்கவும் இலை எடுக்கவும் ஆள் தேவைப்பட்டது. சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே வாசலில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். கடவுள் உண்டா, வினை உண்டா என்று போகும். நானும் வாய் கொடுத்தேன். கேட்க ஆள் சேர்ந்தது. காரணம் நான் இல்லை. கதிரவன்.

கதிரவன் வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கறுப்புச் சட்டை போடுகிறவர். கடவுள் இல்லை என்று சொல்கிற சங்கத்தில் இருக்கிறார். இந்த ஊரில் காவி கட்டாத என்னைக்கூட எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒருவர்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "வாங்க ஏழுமலை. உங்க மொதலாளி இன்னிக்காவது வேலைக்கு வந்தாரா?" என்று மலையைக் காட்டிக் கேட்பார். "தெனமும் அங்கதான் இருக்கார். நீங்கதான் நிமிர்ந்து பாக்கறதில்ல" என்பேன். ஜனங்கள் சிரிப்பார்கள். வாரம் தவறாமல் வருவார். வந்ததும் எதிரே சரளாக்காவின் இளநீர்க் கடையில் ஒன்று வெட்டிக் குடித்துவிட்டுத்தான் சண்டைக்கு உட்காருவார்.

சரளாக்காவுக்கு ஒரே பெண். முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகும் அந்தம்மா கடையைத் திறப்பதற்கு முன் மலைக்கு ஒரு விளக்கு ஏற்றுவார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்குக் காது உண்டா என்று கதிரவன் ஒரு கேள்வி போட்டார். நான் வழக்கப்படி எழுந்து நின்று அவராக மாறிப் பேசினேன். "நான் சொல்றேன். இந்த மலை கல்லு. மழை வந்தா நனையும், வெயில் வந்தா சுடும். இதுக்குக் காது இருந்தா, பிள்ளையைப் பறிகுடுத்தவ கூப்பிட்டது கேட்டிருக்கணும். கேக்கலைன்னா இது காது இல்லாத கல்லு. கேட்டும் வரலைன்னா கருணை இல்லாத சாமி. ரெண்டுல எதை நீ கும்புடறே?" கதிரவன் தலையாட்டினார். "நான்கூட இவ்ளோ நல்லா சொல்லல" என்றார்.

பிறகு பதில் சொல்லத் திரும்பினேன். வினை என்று ஆரம்பிக்க வேண்டும். அதுதான் பாடம். வாயைத் திறந்தபோது எதிரே கூட்டத்தின் ஓரத்தில் சரளாக்கா போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து, உன் பெண் போனது வினை என்று என்னால் சொல்ல முடியவில்லை.  "எனக்குப் பதில் தெரியல. ஆனா கூப்பிடாம இருக்க முடியல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. கதிரவனும் கிண்டல் செய்யவில்லை. எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சரளாக்கா அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தார். நீளமான படம் என்பதால் அது தானாகவே இரண்டு துண்டாகிவிட்டது. முதல் துண்டு, "எதை நீ கும்புடறே?" என்பதோடு முடிந்தது. மீதி இரண்டாவதில். யாரோ முதல் துண்டை மட்டும் எடுத்து அனுப்பினார்கள். அன்னதானக் கூடத்தில் சாமி சோறு தின்றுகொண்டே மலையைக் கல் என்கிறான் என்று மேலே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அது ஊரைச் சுற்றி வந்தது எனக்குத் தெரியாது. எனக்கு நல்ல போன் கிடையாது.

இரண்டு நாள் கழித்துக் காலைப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் செல்வம். குட்டியானை வண்டி வைத்து மணல், செங்கல் ஏற்றுகிறவர். வாரம் ஒரு முறை கூடத்துக்கு அரிசி மூட்டை இறக்கிக் கொடுப்பார், கூலி வாங்க மாட்டார். அவர் என் எதிரில் வந்து நின்று, "சாமி சோத்தத் துன்னுட்டு சாமியக் கல்லுன்றியா?" என்றார். நான் "அது பரபக்கம்" என்றேன். அந்த வார்த்தை அவருக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. கெட்ட வார்த்தை என்று நினைத்திருக்கலாம். இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். பிறகு மற்றவர்கள். ஒரு பல் இலையோடு போனது.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். கோவில் வாசலில் மண்டியிட்டு, நான் மலையைப் பழித்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அதைப் படம் பிடித்துப் போடுவார்கள். இல்லாவிட்டால் இருட்டுவதற்குள் ஊரில் இருக்கக் கூடாது. சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டால் சொன்னதாக ஆகிவிடும். மாட்டேன் என்றேன். கூடத்து மேனேஜர் என் பையைக் கொண்டுவந்து வெளியே வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "ஜனங்க ஆறட்டும் சாமி. இப்பக் கெளம்பிடுங்க" என்றார். சரளாக்காவின் கடை மூடியிருந்தது.

நிருதி லிங்கத்துக்கு வந்தபோது கால் கொப்பளித்து, அதற்கு மேல் நடக்க முடியவில்லை. வெளியே ஒரு மர நிழலில் உட்கார்ந்தேன். நான் எத்தனையோ ஊரை விட்டுப் போயிருக்கிறேன். வேலை போயிற்று, கிளம்பினேன். உடம்பு முடியவில்லை, கிளம்பினேன். இந்த ஊரை விட்டு மட்டும் எனக்குப் போக விருப்பமில்லை என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. செத்தாலும் இந்த மலை தெரிகிற இடத்தில் சாகலாம் என்று வந்தவன் நான். அதே மலையைத் திட்டியவன் என்ற பெயரோடு போகிறேன். போகிற ஊரிலும் அந்தப் படம் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

அங்கேதான் வேண்டினேன். காப்பாற்று என்று கேட்கவில்லை. அடித்தவர்களுக்குத் தண்டனை கொடு என்றும் கேட்கவில்லை. "நான் பேசினதில் பாதிதான் இந்த ஊர் கேட்டது. மீதிப் பேச்சை யாராவது சொல்லட்டும். நான் சொன்னால் எடுபடாது. வேறு யார் வாயிலிருந்தாவது வரட்டும். உனக்குக் காது இருந்தால் இதைக் கேள்." இப்படித்தான் வந்தது. கடைசி வரி வாயை விட்டுப் போன பிறகுதான் கவனித்தேன். அது கதிரவனின் பேச்சு. ஆனால் இந்த முறை நான் அவராக நின்று சொல்லவில்லை. என் சொந்தப் பேச்சாகவே வந்தது. அடியார்களே, இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நான் வேண்டியது நம்பிக்கை நிறைந்த மனதோடு இல்லை. பாதி காலியான மனதோடுதான்.

முதலில் வந்தது உதவி இல்லை. பைக்குகள். செல்வமும் ஏழெட்டுப் பேரும். நான் வலத்துக்கு எதிராக நடந்து போகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது அடுத்த குற்றமாகிவிட்டது. "வேணும்னே திருப்பிச் சுத்துறான்டா" என்று ஒருவன் கத்தினான். சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். இனி ஓர் அடி விழுந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. பயம்கூட வரவில்லை.

அப்போது ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. கறுப்புச் சட்டை. பின்னால் சரளாக்கா.

கதிரவன் வண்டியை ஸ்டாண்டு போடாமலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். அது விழுந்தது. "விடுங்கயா அவர. அது அவர் பேச்சே இல்ல, என் பேச்சு" என்றார். அவர் எங்கள் வாதங்களை எல்லாம் போனில் பதிவு செய்து வைக்கிறவர். அதை எடுத்துப் போட்டார். காற்றில் இரைச்சல்தான் கேட்டது. என் கடைசி வார்த்தைகள் முனகலாக வந்தன. ஒருவன் சொன்னான்: "இப்பல்லாம் ஏஐல எது வேணா பண்லாம். யாருக்குக் காது குத்துற?" எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வழியும் அடைந்தது என்று நினைத்தேன்.

கதிரவன் போனைப் பையில் போட்டார்.  பிறகு சொன்னார்: "சரி. அத வுடுங்க. இந்தாளு ஒரு மொற வச்சிருக்காரு. எதிராளி பேச்ச அவனா நின்னு மொதல்ல சொல்லணும். இப்ப நான் உங்க பேச்ச சொல்றேன். தப்புன்னா நிறுத்துங்க."

சொல்லிவிட்டுச் செல்வத்தின் பக்கத்தில் போய், அவர் நிற்கிற மாதிரியே மலையைப் பார்த்து நின்றார்.

"நான் செல்வம். காலைல வண்டிய எடுக்கறதுக்கு மின்னாடி மலையப் பாத்து ஒரு கும்புடு. அப்பறம்தான் சாவி திரும்பும். எங்க போய் நின்னாலும் என்னைய ஒருத்தன் நிமிந்து பாக்கறது இல்ல. மலை பாக்குது. என் கஷ்டத்த வூட்ல சொன்னா சண்ட ஆவும். மலைகிட்ட சொன்னா ஆவாது. அத ஒருத்தன் வந்து, காது இல்லாத கல்லுன்றான். எங்கம்மாவ நடுரோட்ல வச்சு அசிங்கமா பேசின மாதிரி இருக்குது எனக்கு. அடிக்காம இன்னா பண்ணுவேன்? மொதல்ல அடிப்பேன். அப்பறம்தான் யோசன."

நிறுத்தி, "சரியா சொன்னனா?" என்று கேட்டார்.

செல்வம் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டார். "சரிதான்" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "பட்டைய போட்டுக்கோ தோழரே, பொருத்தமா இருக்கும்" என்றது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"தோ, அந்தப் பச்ச சட்ட இத்த எல்லாம் போன்ல புடிச்சிட்டான்" என்றார் கதிரவன். "அத அப்டியே எங்க சங்கத்துக்கு அனுப்பு. கதிரவன் மலைய அம்மான்னு சொன்னான், சாமி கும்புடறான்னு. நாளைக்கு எனக்கு அங்க எடம் இல்ல. அதனால நான் சாமி கும்புடறவனா ஆயிட்டனா? உங்க மனச நான் சொன்னேன். அவ்ளோதான். அன்னிக்கு இவர் என் மனச சொன்னார். நீங்க பாத்தது அந்தப் பாதி."

 என் சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஆனால் விடவில்லை.

சரளாக்கா அதுவரை ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றார். அங்கிருந்தே பேசினார். "ஸ்டேட்டஸ் வச்சது நான்டா. ரெண்டு துண்டையும் வச்சேன். மொத துண்ட மட்டும் தூக்கிக்கினு ஓடுனது எவன்? இன்னாத்துக்கு வச்சேன்னு கேளு. என் பொண்ணு கெடக்கறப்ப இந்த மலையப் பாத்து எவ்ளோ கத்துனேன். உனக்குக் காது இருக்குதான்னு கேக்காத நாள் கெடையாது. கேட்டுட்டுத்தான் வெளக்கு ஏத்தறேன். என் வயித்துல இருந்தத இந்தண்ணன் வாய் தொறந்து கேட்டுச்சு. அதான் வச்சேன். காலைல நீங்க வந்தப்ப பயந்துக்கினு கடைய சாத்திட்டேன். இப்பப் பயம் இல்ல. செல்வம், அடிக்கணும்னா வா, என்னைய அடி."

செல்வம் என்னைப் பிடித்திருந்தவனின் கையைத் தட்டிவிட்டார். "போங்கடா" என்றார்.  என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

அழுகை அப்போதுதான் வந்தது. கதிரவனிடம் சொன்னேன்: "மீதிப் பேச்ச யாராவது சொல்லட்டும்னு இப்பதான் வேண்டினேன். சாமி உங்கள அனுப்பிச்சிருக்கு."

"உங்க சாமி யாரையும் அனுப்பல" என்றார் அவர், ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்திக்கொண்டே. "இந்தக்கா போன் பண்ணுச்சு. பெட்ரோல் நான் போட்டேன். கண்ணாடி ஒடஞ்சிருக்கு பாருங்க, அதுக்கு யார் குடுப்பாங்க, உங்க மொதலாளியா?"

அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. நான் சொன்னதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இன்றுவரை இருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாகிவிடவில்லை. இடது காது கேட்காது. அதற்கும் வேண்டினேன், கிடைக்கவில்லை. கூடத்தில் என்னைத் திரும்பச் சேர்க்கவில்லை. பச்சைச் சட்டைக்காரன் சொன்ன வேலையைச் செய்துவிட்டான். கதிரவன் பயந்தபடியே சங்கத்துக்காரர்கள் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். "இப்ப ரெண்டு பேருக்கும் ஊர்ல எடம் இல்ல" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

நான் வாதத்தை விடவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைதான் போய்விட்டது. முன்பெல்லாம் எதிராளி தலையாட்டுவதை, அடுத்து அவனை வீழ்த்தலாம் என்பதற்கு அடையாளமாகப் பார்ப்பேன். கதிரவன் செல்வமாக நின்று பேசியதைப் பார்த்த பிறகு, அது வேறு ஒன்று என்று புரிந்தது. என்னவென்று விளக்க எனக்குப் படிப்பு போதாது.

அடியார்களே, நீங்களும் கேளுங்கள். வெறும் மனதோடு கேட்டாலும் பரவாயில்லை, கோபத்தோடு கேட்டாலும் பரவாயில்லை. அன்று நான் கேட்ட விதத்துக்கு எனக்குப் பதில் வந்திருக்கவே கூடாது. வந்தது. ஆனால் உங்களுக்குப் பிடித்த வாயிலிருந்துதான் பதில் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். திருநீறு பூசிய நெற்றிகளை எல்லாம் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் அப்பன் கறுப்புச் சட்டையில் வந்தான்.

அன்று ராத்திரி கதிரவன் ஜெராக்ஸ் கடையில் பாய் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை கடை வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. செல்வம் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே, "இங்க புது வூடு ஒண்ணு கட்றாங்க. மணல் சலிக்க ஆள் கம்மி. வர்றியா?" என்றார். ஏறிக்கொண்டேன். 

சல்லடையைச் சாய்த்து நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அவர் போகாமல் வண்டியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அன்னிக்கு அந்தாளு கேட்டதுக்கு நெஜமா இன்னா பதில்?"

"தெரியல" என்றேன்.

"பதில் தெரியாமயா அவ்ளோ அடி வாங்கினே?"

"தெரிஞ்சிருந்தா அடிக்காம வுட்டிருப்பீங்களா?"

 அவர் வண்டியிலிருந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்து வந்து, எனக்கு எதிர்ப் பக்கம் நின்று, சல்லடையில் மணலை வாரிப் போட ஆரம்பித்தார்.